எடவப்பாதி (தென்மேற்குப் பருவ) மழையில் நாலு சக்கரமும் இழுக்கும் செடான்: எங்கள் வீட்டுக்கு ஆகுமா?

அண்ணன் மஸ்கட்டில் வேலை பார்த்தபோது கூடத் தங்கியிருந்தவர் சுபாரு லெகசி வைத்திருந்தார். எந்நேரமும் நாலு சக்கரத்துக்கும் விசை போகிற செடான். அங்குள்ள மலைப்பாதைகளில் அது ஏறிய விதம் அண்ணன் மனதில் அப்படியே நின்றுவிட்டது. மொத்தமாக ஊர் திரும்பியதும், குடும்பத்துக்கு வாங்குகிற வண்டி ஆல் வீல் டிரைவ் செடானாகத்தான் இருக்கவேண்டும் என்று ஒரே பிடி.

லெகசி இங்கே விற்பனையில் இல்லை. 1989இல் தொடங்கிய அந்த வரிசையை 2025 மாடலோடு சுபாருவே நிறுத்திவிட்டது. டொயோட்டா கேம்ரி அமெரிக்காவில் ஆல் வீல் டிரைவாகவும் கிடைக்கிறது, நம் நாட்டுக்கு வரும் கேம்ரி ஹைபிரிடில் முன்சக்கரங்கள் மட்டும்தான் இழுக்கும். நாலு சக்கரமும் இழுக்கிற பிஎம்டபிள்யூ எம்340ஐ எக்ஸ்டிரைவின் விலை எங்கள் கைக்கு எட்டாது. கடைசியில் பிஒய்டியின் சீல் என்ற மின்சாரச் செடான், அதிலும் நாலு சக்கரமும் இழுக்கிற பெர்ஃபார்மன்ஸ் மாடல் ஒன்றுதான் மிஞ்சியது. திருவனந்தபுரத்தில் இருக்கிற மாமா மகன் அதைத்தான் வைத்திருக்கிறான். மழை அடித்து ஊற்றிக்கொண்டிருந்த சமயமாகப் பார்த்து வண்டியைக் கேட்டு வாங்கினோம்.

"ஏட்டி, அம்மாவக் கூட்டிட்டு அலையுறது நீதான். நீ ஓட்டிப் பாத்து சொல்லு" என்றான் அண்ணன். அதனால் இது என் கணக்கு. கன்னியாகுமரி மாவட்டம் குலசேகரத்துக்கு மேற்கே ரப்பர் விளைக்குள் வீடு. அம்மாவுக்கு இரண்டு முழங்காலும் தேய்ந்திருக்கிறது, திருவனந்தபுரத்தில் வைத்தியம். மைனி (அண்ணி), அண்ணன், பிள்ளைகள், நான் எல்லோருக்கும் சேர்த்து ஒரே வண்டி.

முதலில் வீட்டு ஏற்றத்தைச் சொல்கிறேன், ஏனென்றால் அண்ணனின் வாதம் முழுக்க அதில்தான் நிற்கிறது. ரோட்டிலிருந்து முற்றம் வரை செம்மண் ஏற்றம். மழைக்காலத்தில் அதன்மேல் ரப்பர் இலை விழுந்து, ஊறி, பால்வெட்டுக்காரர்கள் நடந்தாலே வழுக்கும். எங்கள் பழைய சின்ன வண்டியில் முன்சக்கரம்தான் இழுக்கும். ஏற்றத்தில் எடை பின்பக்கம் சாய்ந்துவிடுவதால் இழுக்கவேண்டிய முன்டயர்கள் லேசாகி, மண்ணைக் கீறிக்கொண்டு அங்கேயே சுழலும்.

சீலில் முன்னால் 160 கிலோவாட் மோட்டார் ஒன்று, பின்னால் 230 கிலோவாட் மோட்டார் ஒன்று. இரண்டுக்கும் நடுவே தண்டு எதுவும் கிடையாது. எந்தப் பக்கம் டயர் வழுக்குகிறதோ அந்த மோட்டாரின் விசையைக் கம்ப்யூட்டர் அந்தக் கணமே குறைக்கிறது, மற்ற மோட்டார் தன் பாட்டுக்கு இழுத்துக்கொண்டே இருக்கிறது. பாதி ஏற்றத்தில் வேண்டுமென்றே நிறுத்தினேன். காலை பைய அழுத்தியதும் சத்தமில்லாமல் மேலே போனது. மழைக்கோட்டு போட்டு முற்றத்தில் நின்ற அண்ணனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அந்த இடத்தில் வண்டிக்கு முழு மதிப்பெண், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

பிறகு அதே ஏற்றத்தில் இறங்கினேன். அண்ணனையும் பக்கத்தில் உட்காரவைத்தேன், இதை அவன் பார்க்கவேண்டும் என்று. பிரேக் மிதித்ததும், சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்கிற ஏபிஎஸ் காலுக்கடியில் படபடவென்று அடிக்க, வண்டி கொஞ்ச தூரம் நழுவித்தான் நின்றது. எந்தக் காராக இருந்தாலும் பிரேக் நாலு சக்கரத்திலும்தான் பிடிக்கிறது. ஆல் வீல் டிரைவ் இருந்தால் நிற்பதற்கென்று கூடுதலாக எதுவும் கிடைப்பதில்லை. வளைவில் வேகமாகப் போய் விட்டாலும் அதே கதைதான். டயருக்கும் தரைக்கும் நடுவே உள்ள பிடிப்பு எவ்வளவோ, அவ்வளவுதான். போதாததற்கு இந்த வண்டியின் எடை 2,185 கிலோ. பின்சக்கரம் மட்டும் இழுக்கிற சீல் பிரீமியத்தைவிட 130 கிலோ அதிகம்.

இதில் எனக்குப் பயம் தருவது வேறொன்று. பழைய வண்டி கிளம்பும்போதே வழுக்கிக் காட்டும், ரோடு மோசம் என்று கை காலுக்குத் தெரிந்துவிடும், அதற்குமேல் அதை நான் விரட்டமாட்டேன். இது நனைந்த ரோட்டிலும் காய்ந்த ரோட்டிலும் ஒரே மாதிரிக் கிளம்புகிறது. சானல்கரை (கால்வாய்க்கரை) ரோட்டில் போகும்போது ஸ்பீடோமீட்டரைப் பார்த்துத்தான் என் வேகமே எனக்குத் தெரிந்தது. ஒரு பக்கம் சானல் வெள்ளம் நிறைந்து ஓடுகிறது, தடுப்புச்சுவர் கிடையாது. 100 கிலோமீட்டர் வேகத்தை 3.8 விநாடியில் எட்டக்கூடிய வண்டி அந்த ரோட்டுக்கு எதற்கு?

ஆரல்வாய்மொழிப் பக்கமும் கொண்டுபோனோம். கணவாய்க் காற்று பலமாக அடிக்கிற மாதங்கள் இவை, முப்பந்தலில் காற்றாலைகள் ஓயாமல் சுற்றிக்கொண்டிருந்தன. பழைய வண்டியை இந்த இடத்தில் காற்று பக்கவாட்டில் தள்ளும், ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்தே கை கடுத்துப்போகும். சீல் அசையவில்லை. "பாத்தியா, நாலு வீலும் இழுக்குது" என்றான் அண்ணன். அங்கே அதுவல்ல காரணம். வண்டியின் உயரம் 1,460 மில்லிமீட்டர்தான், பாட்டரி முழுக்கத் தரைக்கடியில், எடையெல்லாம் கீழே கிடக்கிறது. பிரீமியத்துக்கும் இதே உடம்புதான், காற்றில் அதுவும் இப்படித்தான் நிற்கும்.

கிரவுண்ட் கிளியரன்ஸ், அதாவது தரைக்கும் வண்டியின் வயிற்றுக்கும் நடுவே உள்ள இடைவெளி, 145 மில்லிமீட்டர். எங்கள் ஊருக்கு இந்த எண் போதாது. இரண்டு அச்சுக்கும் நடுவே 2,920 மில்லிமீட்டர், அவ்வளவு நீளத்தில் வயிறு தாழ்ந்து வருகிறது. ஊர்க்காரர்கள் தாங்களாகவே போட்டுக்கொண்ட வேகத்தடைகளில் ஐந்து பேரோடு ஏறும்போது ஒவ்வொரு தடவையும் சாய்வாகத்தான் கொண்டுபோனேன். பேச்சிப்பாறை தாண்டிக் கோதையாறு ரோட்டில் மழை அரித்த குழிகள் வந்ததும் திருப்பிக்கொண்டு வந்துவிட்டேன். நாலு சக்கரத்துக்கும் விசை இருந்து என்ன பயன், சக்கரம் இறங்குகிற குழியில் வயிறு இடித்துவிடுமே. டயர் 235/45 ஆர்19, பக்கச்சுவர் குட்டை, குழியின் அடியைத் தாங்க ரப்பர் குறைவு. ஸ்டெப்னி கிடையாது, பஞ்சர் கிட்தான். போனுக்குச் சிக்னல் கிடைக்காத மலை ரோட்டில் ஸ்டெப்னி இல்லாமல் போக எனக்கு மனம் வராது.

அம்மாவின் தீர்ப்பு ஒரே வரி: "மோளே, குத்தவச்சு இருந்த மாதிரி இருக்கு." அது உண்மைதான். பாட்டரி காரணமாகத் தரை உயர்ந்து, பின்சீட்டில் முழங்கால் மேலே எழும்பி நிற்கிறது, தொடைக்குத் தாங்கல் இல்லை. கால் நீட்ட இடம் தாராளம், ஆனால் அம்மாவுக்கு வேண்டியது அந்த இடம் இல்லை. இறங்கும்போது கதவைப் பிடித்து, என் தோளைப் பிடித்து, மூச்சு வாங்கித்தான் எழுந்தாள். களியக்காவிளை தாண்டி நெரிசலில் நின்று நின்று போகும்போது அவள் முகத்தைக் கண்ணாடியில் பார்த்தேன். எனக்கு முடிவு அங்கேயே ஏறக்குறைய ஆகிவிட்டது.

மைனிக்குப் பிடித்தது முன் போனட்டுக்குள் இருக்கிற 50 லிட்டர் சின்ன டிக்கி. குளச்சலில் வாங்கிய மீனை அதில் வைத்துக்கொண்டு வந்தோம், உள்ளே துளி வாடை இல்லை. பின் டிக்கி 400 லிட்டர், போதும். யூரோ என்கேப் என்கிற ஐரோப்பியப் பாதுகாப்புச் சோதனையில் 2023இல் ஐந்து நட்சத்திரம் வாங்கியிருக்கிறது, பிள்ளைகள் ஏறுகிற வண்டிக்கு அது எனக்குப் பெரிய விஷயம். இந்த நட்சத்திரங்களும் வண்டியின் கட்டுமானத்துக்கும் பாதுகாப்பு வசதிகளுக்கும் கிடைத்தவை, எத்தனை சக்கரம் இழுக்கிறது என்பதற்கு அதில் பங்கில்லை.

கரண்ட் பற்றி ஒரு வார்த்தை. 82.56 கிலோவாட் மணி பாட்டரி, வீட்டில் 7 கிலோவாட் சார்ஜர் வைத்தால் காலியிலிருந்து நிறைய ஏறக்குறைய 12 மணி நேரம். எங்கள் பக்கம் மழையில் ரப்பர் மரம் லைனில் விழுந்தால் ராத்திரி முழுக்க கரண்ட் இருக்காது. மறுபக்கம் பார்த்தால், இந்த வண்டியிலிருந்தே கரண்ட் எடுத்து ஃபிரிட்ஜும் லைட்டும் ஓட்டலாம். 2017 நவம்பர் 30 ஒக்கிப் புயலுக்குப் பிறகு நாள்கணக்கில் இருட்டில் கிடந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய உதவி என்று விளக்கவேண்டியதில்லை. இந்த வசதியும் பிரீமியத்தில் இருக்கிறது.

இனி அண்ணனிடம் சொன்னது. 2024 மார்ச்சில் இங்கே அறிமுகமானபோது பெர்ஃபார்மன்ஸ் 53 லட்சம், பிரீமியம் 45.55 லட்சம், இரண்டும் ஷோரூம் விலை. பாட்டரி ஒன்றேதான். பிரீமியத்துக்குக் கம்பெனி சொல்லும் ஓட்டம் 650 கிலோமீட்டர், பெர்ஃபார்மன்ஸுக்கு 580. அதாவது ஏறக்குறைய ஏழரை லட்சம் கூடக் கொடுத்து, 70 கிலோமீட்டர் குறைத்து வாங்குகிற பொருள், எங்கள் வீட்டைப் பொறுத்தவரை அந்தச் செம்மண் ஏற்றத்துக்கு மட்டும்தான் உதவப்போகிறது.

"ராத்திரி மழையில அம்மாவ ஆஸ்பத்திரிக்கு கொண்டுபோவணும்னா?" என்று கேட்டான். நியாயமான கேள்வி, அதற்காகத்தான் இவ்வளவும் பார்த்தேன். ராத்திரி மழையில் அம்மாவோடு போகும்போது எனக்கு வேண்டியது வெள்ளத்தை ஒதுக்கித் தள்ளுகிற நல்ல டயரும், குழி தெரிகிற நல்ல லைட்டும், அவள் வலியில்லாமல் உட்காருகிற சீட்டும். டயர்ப் பள்ளம் 1.6 மில்லிமீட்டர் வரை தேயலாம் என்பது சட்டம். எடவப்பாதியும் துலாமழையும் (வடகிழக்குப் பருவமழை) இரண்டும் பெய்கிற நம் மாவட்டத்தில் 3 மில்லிமீட்டருக்கு வந்ததுமே மாற்றிவிடவேண்டும் என்பது என் கட்சி. நாலு டயரும் புதிதாகப் போட்டால்கூட அந்த ஏழரை லட்சத்தில் ஒரு மூலைதான் செலவாகும்.

மலையடிவாரத்தில் இல்லாமல் நாகர்கோவில் டவுனுக்குள் இருந்து, திருநெல்வேலி, மதுரை என்று நெடுஞ்சாலையில் நிறைய ஓடுகிறவர்கள், வீட்டில் முழங்கால் வலிக்காரர்கள் இல்லாதவர்கள், பிரீமியத்தைத் தாராளமாக எடுக்கலாம். எங்களுக்கு இன்னும் கொஞ்சம் உயரமான வண்டிதான் வேண்டும். இனி எந்த வண்டி பார்க்கப் போனாலும் அம்மாவையும் கூட்டிக்கொண்டுதான் போவது என்று முடிவு செய்திருக்கிறோம்.

ஏற்றத்துக்குக் காங்கிரீட் போட அண்ணனே கொத்தனாரைக் கூட்டிவந்து அளந்து காட்டினான். மழை விட்டால்தான் வேலை நடக்கும். டயர் பிடிக்கிற மாதிரி குறுக்கே வரி போட்டு, வெள்ளம் ஓரமாக இறங்க ஓடையும் விட்டுத் தரச் சொல்லியிருக்கிறேன்.