கஞ்சிக் கோப்பையைப் படம் எடுக்காதீர்கள்

யாழ்ப்பாணத்தில் எங்கள் ஊர்ச் சனசமூக நிலையத்தின் பின்பக்கக் கொட்டிலில் திங்கள், புதன், வெள்ளி மூன்று நாளும் காலை ஐந்து மணிக்கு அடுப்பு மூட்டுவோம். மொட்டைக்கறுப்பன் அரிசியும் பயறும் முதல்நாள் இரவே ஊறிக் கிடக்கும். முல்லையும் முசுட்டையும் வல்லாரையும் முற்றத்து வேலிகளில் இருந்தே வந்துவிடும். இலைச்சாற்றைக் கடைசியில்தான் விட வேண்டும். முதலே விட்டால் கொதித்துக் கொதித்துப் பச்சை நிறம் போய்விடும், பிள்ளைகள் முகத்தைச் சுளிப்பார்கள். பிறகு தேங்காய்ப்பால், அளவாக உப்பு. ஆறரைக்குப் பிள்ளைகள் வரத் தொடங்குவார்கள். 62 பிள்ளைகள். ஆளுக்கு ஒரு கோப்பை கஞ்சி, ஒரு துண்டு பனங்கட்டி. குடித்துவிட்டு அப்படியே பள்ளிக்கூடம்.

இந்தக் கஞ்சிக்கும், உயர்தரம் படிக்கும் மூன்று பிள்ளைகளின் மாதப் படிப்புச் செலவுக்கும் கனடாவில் இருக்கும் எங்கள் ஊர்ச் சங்கம்தான் காசு அனுப்புகிறது. நான் இங்கே செயலாளர். அவர்கள் மனமுவந்துதான் தருகிறார்கள், அதில் எனக்குத் துளியும் சந்தேகம் இல்லை. ஆனால் தைப்பொங்கல் முடிந்த கையோடு அங்கிருந்து ஒரு செய்தி வந்தது: "அடுத்த மாதம் பிள்ளைகள் கஞ்சிக் கோப்பையோடு நிக்கிற படங்கள் வேணும். முகம் தெரியவேணும், பேரும் போடுங்கோ. படிப்புக் காசு எடுக்கிற மூண்டு பேரையும் மேடையிலை ஏத்தி ஒரு படம்."

அந்தச் செய்தியை வாசித்துவிட்டு இரண்டு நாள் பதில் போடாமல் இருந்தேன்.

அந்தக் கிழமையேதான் பிலடெல்பியாவில் இருக்கும் என் மச்சாள் தன் மகளின் படம் ஒன்றை அனுப்பியிருந்தாள். பெரிய மண்டபம். நீள மேசைகள். தலையில் வலைத்தொப்பி போட்ட ஐம்பது அறுபது பேர் அலுமினியத் தட்டுகளில் சாப்பாடு போட்டு மூடுகிறார்கள். ஒரு மூலையில் எங்கள் பெட்டை கையுறை போட்டபடி சிரிக்கிறாள். "இது என்ன, கோயில் அன்னதானமோ?" என்று கேட்டேன். "இல்லையடி, ஐரிஷ் ஆக்களின்ரை சங்கம். வருசா வருசம் சமைச்சுக் குளிராக்கி, வெளியிலை போக ஏலாத வயசாளியளின்ரை வீடுகளுக்குக் குடுக்கினம். இவளின்ரை பள்ளிக்கூடப் பிள்ளையளும் உதவிக்குப் போனவை" என்றாள். படத்தை நான் திரும்பத் திரும்பப் பெரிதாக்கிப் பார்த்தேன். சமைக்கிறவர்கள் இருந்தார்கள், தட்டுகள் இருந்தன. வாங்கிச் சாப்பிடுகிற ஒருவருடைய முகம்கூட அதில் இல்லை.

இதைப் பற்றி நன்றாகத் தெரிந்துகொள்ள வேண்டும் போல இருந்தது. இரவு இரவாக இருந்து வாசித்தேன்.

அந்தச் சங்கத்தின் பெயர் ஏன்சியன்ட் ஓடர் ஒஃப் ஹைபேர்னியன்ஸ். ஹைபேர்னியா என்பது அயர்லாந்தின் பழைய இலத்தீன் பெயர். 1836இல் அமெரிக்காவில் தொடங்கியது. வந்த இடத்தில் வேண்டாதவர்களாக நடத்தப்பட்ட ஐரிஷ் கத்தோலிக்கர்கள் ஒருவருக்கொருவர் துணையாக நிற்கச் சேர்ந்த கூட்டம். எங்கள் ஆட்கள் ரொறன்ரோவிலும் இலண்டனிலும் ஊர்ப் பெயரில் சங்கம் வைத்த மாதிரித்தான். பிலடெல்பியாக் கிளை தொடங்கிய பட்டினி நிவாரண வேலை பிறகு அமெரிக்கா முழுக்க அந்தச் சங்கத்தின் பொது வேலையாகிவிட்டது. இன்னொரு பக்கம் படிப்பு. 1896இல் வாஷிங்டனில் உள்ள கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தில் ஐரிஷ் மொழி படிப்பிக்க ஒரு பேராசிரியர் இருக்கை அமைக்கவென்று 50,000 டொலர் சேர்த்துக் கொடுத்திருக்கிறார்கள். அந்தக் காலத்து 50,000 டொலர்! சுரங்கத்திலும் தண்டவாளத்திலும் வேலை செய்த ஆட்களின் சங்கம், தாய்மொழிக்குக் கொடுத்த காசு அது. இன்றைக்கும் ஐரிஷ் மரபுச் சங்கங்கள் தங்கள் பிள்ளைகள் அயர்லாந்துக்குப் போய்ப் படித்து வர உதவித்தொகை கொடுக்கின்றன.

பட்டினியும் படிப்பும் ஏன் இப்படி அருகருகே வருகின்றன என்று தேடப்போய்த்தான் 1845இல் போய் நின்றேன்.

அந்த ஆண்டு உருளைக்கிழங்கில் பூஞ்சணம் மாதிரியான ஒரு கிருமியால் நோய் விழுந்தது. அயர்லாந்தின் ஏழைச் சனத்துக்கு உருளைக்கிழங்குதான் மூன்று வேளையும். 1852 வரைக்கும் கிட்டத்தட்ட பத்து இலட்சம் பேர் செத்துப்போனார்கள், இன்னும் பத்து இலட்சம் பேர் கப்பல் ஏறினார்கள். 1841இல் 80 இலட்சத்துக்கு மேல் இருந்த சனத்தொகை 1851இல் 65 இலட்சமாகிவிட்டது. அந்த நேரத்திலும் தானியமும் மாடும் அயர்லாந்துத் துறைமுகங்களில் இருந்து இங்கிலாந்துக்குப் போய்க்கொண்டுதான் இருந்தன. விளைச்சல் அடியோடு இல்லாமல் போகவில்லை. வாங்கச் சனத்திடம் காசு இல்லை.

1847 கோடையில் அரசாங்கம் இலவசக் கஞ்சித்தொட்டிகளைத் திறந்தது. யூலை மாதத்தில் ஒரு நாளைக்கு 30 இலட்சம் பேர் சாப்பிட்டார்கள். அதாவது செய்ய முடிந்தது. செய்துகாட்டிவிட்டு, இலையுதிர்காலம் வருமுன்னே மூடிவிட்டார்கள். இலண்டன் திறைசேரியில் இருந்து நிவாரணத்தை நடத்திய சார்ல்ஸ் ட்ரெவெலியன்தான் 1859இல் சென்னைக்கு ஆளுநராக வந்தவர். அந்தப் பெயர் எங்கள் கரைவரைக்கும் வந்திருக்கிறது என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும்.

அதே 1847இல் ஒரு சட்டம் போட்டார்கள். கால் ஏக்கருக்கு மேல் காணி வைத்திருப்பவன் அதைக் கைவிட்டால்தான் நிவாரணம். கால் ஏக்கர் என்றால் எங்கள் கணக்கில் நாலு பரப்பு. நாலு பரப்புக் காணியை விட்டால்தான் பிள்ளைக்குச் சாப்பாடு என்று சொன்னால் யாழ்ப்பாணத்தில் ஒரு தாய் தகப்பன் என்ன பாடுபட்டிருப்பார்கள் என்று யாரும் எனக்கு விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

இன்னொன்றும் நடந்தது. சில மதக்குழுக்கள் சூப் கொடுத்தன, ஆனால் சமயம் மாறினால்தான் என்று நிபந்தனை வைத்தன. பசி தாங்காமல் போனவர்களை ஊர் "சூப் குடித்தவர்கள்" என்று சொன்னது. அந்த வசைச்சொல் அவர்களுடைய பேரப்பிள்ளைகள் காலம்வரை நின்றது. குவேக்கர் என்ற கிறிஸ்தவச் சபையினரும் அதே காலத்தில் கிடாரம் வைத்துச் சூப் காய்ச்சிக் கொடுத்தார்கள். யாரையும் எதுவும் கேட்கவில்லை. அவர்களை அயர்லாந்து இன்றைக்கும் நன்றியோடுதான் நினைக்கிறது. சூப் ஒன்றுதான். கொடுத்த விதம் வேறு.

இதை வாசித்த இரவு எனக்கு நித்திரை வரவில்லை. 2006ஆம் ஆண்டு நினைவுக்கு வந்தது.

அந்த ஆவணியில் சண்டை தொடங்கி, யாழ்ப்பாணத்துக்குச் சாமான் வரும் முகமாலைத் தரைப்பாதை பூட்டப்பட்டபோது எனக்குப் பதினேழு வயது, உயர்தரம் முதலாம் வருடம். ஊரடங்கு விட்ட உடனே குடும்ப அட்டையைத் தூக்கிக்கொண்டு சங்கக்கடைக்கு ஓடுவேன். கப்பல் வந்தால் சீனி, மா, பருப்பு. வராவிட்டால் வரிசையில் நின்றதுதான் மிச்சம். சில நாட்கள் காலையில் வெறும் தேத்தண்ணி, கடிக்க ஒரு பனங்கட்டித் துண்டு. அப்பா அதற்கு முதலே இல்லை. ஒருநாள் ஒரு நிறுவனம் நிவாரணப் பொதி கொண்டுவந்தது. வாங்குகிறவர்கள் எல்லாரும் அவர்களின் பெயர் எழுதிய துணியைப் பிடித்துக்கொண்டு வரிசையாக நிற்க வேண்டும், படம் எடுத்த பிறகுதான் பொதி. அம்மா சேலைத் தலைப்பை இழுத்து வாய்க்கு மேல் பிடித்துக்கொண்டு நின்றா. படமெடுத்தவர், "அம்மா, முகத்தைக் காட்டுங்கோ" என்றார். அம்மா தலைப்பை விட்டா. நான் பக்கத்தில் நின்று அம்மாவின் கையைத்தான் பார்த்தேன். அந்தத் துணியின் விளிம்பைக் கசக்கிக்கொண்டே இருந்தது. பருப்பு நல்ல பருப்பு. சமைத்துச் சாப்பிட்டோம். அந்தப் படத்தைப் பற்றி மட்டும் அம்மா சாகும்வரை ஒரு வார்த்தை கதைக்கவில்லை.

அடுத்த மாதம் என்னுடைய விலங்கியல் கொப்பியைத் திருத்திக் கொடுத்த ரீச்சர், "பிள்ளை, வீட்டை போய்த் திறந்து பார்" என்றா. நடுத்தாளுக்குள் ஒரு கடிதவுறை, உள்ளே ஆயிரத்து ஐந்நூறு ரூபா. இரண்டு வருடம், மாதம் தவறாமல் இப்படித்தான் வந்தது. வெளிநாட்டில் இருந்த பழைய மாணவி ஒருவர் தருகிறார் என்று மட்டும் ரீச்சர் சொன்னா, பெயர் சொல்லவில்லை. வகுப்பில் ஒருவருக்கும் தெரியாது. அந்தக் காசில் நான் ரியூசனுக்குப் போனேன், பல்கலைக்கழகம் போனேன். இன்றைக்கு யாராவது ஒரு பிள்ளைக்கு உதவி என்று கேட்டால் என் கை நீளுவது அந்தக் கடிதவுறையால்தான்.

அதனால்தான் சொக்ரோ மக்களின் கதை எனக்குள் இப்படி இறங்கியது. சொக்ரோ என்பது அமெரிக்கப் பழங்குடி இனம் ஒன்று. 1831 தொடக்கம் அவர்களைச் சொந்த நிலத்தில் இருந்து துரத்தி, இப்போது ஒக்லஹோமா என்று சொல்லும் இடத்துக்கு நடத்திக்கொண்டு போனார்கள். வழியில் ஆயிரக்கணக்கில் செத்தார்கள். அப்படி வந்து சேர்ந்து பதினாறு வருடம்தான் ஆகியிருந்தது, அயர்லாந்தில் சனம் பட்டினியால் சாகிறது என்று கேள்விப்பட்டார்கள். 1847இல் கூடி 170 டொலர் சேர்த்து அனுப்பினார்கள். அவர்களில் அநேகமானோர் அயர்லாந்தைக் கண்ணால் கண்டிருக்க மாட்டார்கள். இடம்பெயர்ந்து நடந்தவனுக்கு இடம்பெயர்கிறவனைத் தெரியும், அவ்வளவுதான். 1995 ஐப்பசியில் யாழ்ப்பாணத்தை விட்டு இடம்பெயர்ந்து செம்மணி வழியே நடந்த எவருக்கும் இது விளங்கும்.

அயர்லாந்து மறக்கவில்லை. கோர்க் மாவட்டத்தில் மிடில்ற்றன் என்ற ஊரில் ஒன்பது பெரிய உருக்கு இறகுகள் வட்டமாக நிற்கின்றன. ஒவ்வொன்றும் ஆறு மீற்றர் உயரம். கழுகின் இறகுகள், தூரத்தில் இருந்து பார்த்தால் வெறும் கிண்ணம் மாதிரி. 2018இல் ஐரிஷ் பிரதமர் லியோ வரட்கர் ஒக்லஹோமாவுக்கே போய், சொக்ரோப் பிள்ளைகள் கோர்க் பல்கலைக்கழகத்தில் வந்து படிக்க உதவித்தொகை தருகிறோம் என்று அறிவித்தார். கொரோனாக் காலத்தில் நவஹோ, ஹோப்பி என்ற வேறு பழங்குடி மக்கள் அல்லாடியபோது, அந்த 170 டொலரை நினைத்து ஐரிஷ் சனம் காசு அனுப்பியது. சோற்றுக்குக் கொடுத்த காசு, 171 வருடம் கழித்துப் படிப்பாகத் திரும்பிப் போயிருக்கிறது. பட்டினியும் படிப்பும் ஏன் ஒரே கையில் வருகின்றன என்ற என் கேள்விக்கு நான் கண்ட பதில் இதுதான்.

எங்களுக்கும் அயர்லாந்து அந்நியம் இல்லை. யாழ்ப்பாணத்தில் புனித பத்திரிசியார் கல்லூரி இருக்கிறது, அந்தப் புனிதர் அயர்லாந்தின் காவலர். அங்கே அதிபராக இருந்த லோங் அடிகளார் அயர்லாந்துக்காரர், எங்கள் பொது நூலகத்தைக் கட்டியெழுப்ப முன்னின்றவர்களில் ஒருவர். 1981இல் அது எரிந்தது எல்லாருக்கும் தெரியும். அதைக் கட்ட நாடு கடந்து வந்த கை ஒன்றும் இருந்தது என்பதை என் மகளுக்கு நான் சொல்லிக் கொடுத்திருக்கிறேன்.

சரி, எங்கள் கூட்டத்துக்கு வருகிறேன்.

மாசி முதல் ஞாயிறு நிர்வாகக் கூட்டம். நான் படம் அனுப்பக்கூடாது என்றேன். தலைவர் அண்ணை யோசித்தார். "பிள்ளை, காசு தாறவைக்குக் கணக்குக் காட்டவேணும்தானே. அவையும் அங்கை குளிருக்கை ரண்டு வேலை செய்துதான் அனுப்பினம்." அது நியாயம். அவர் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை. "கணக்குக் காட்டுவம் அண்ணை, முகத்தைக் காட்ட வேண்டாம்" என்றேன். அம்மாவின் கதையை அன்றைக்குத்தான் முதன்முதலாக ஒரு சபையில் சொன்னேன். சமையலுக்கு வரும் இரண்டு அக்காமாரும் தலையைக் குனிந்துகொண்டு இருந்தார்கள். அவர்களிடமும் அப்படி ஒரு படம் இருக்கும்போல. கடைசியில் மூத்த அக்கா, "என்ரை பேரன் இஞ்சை குடிக்கிறான். படம் எடுத்தா நான் நாளைக்கு அவனை அனுப்பன்" என்றா. அத்தோடு முடிந்தது.

இப்போது நாங்கள் அனுப்புவது இது: எத்தனை கிலோ அரிசி, எத்தனை கிலோ பயறு, எத்தனை தேங்காய், அன்றன்றைய விலை, கடைத் துண்டுகள். அடுப்பின் படம், கிடாரத்தின் படம், கழுவிக் கவிழ்த்த 62 கோப்பைகளின் படம். படிப்புக் காசு பிள்ளைகளின் வங்கிக் கணக்குக்கு நேரே போகிறது, மேடை இல்லை. அந்த மூவரில் ஒருத்தி பௌதிகத்தில் வலு கெட்டிக்காரி, தாய் வெங்காயத் தோட்டங்களில் கூலிக்குப் போகிறவர். அயர்லாந்து அரசாங்கம் ஐரோப்பாவுக்கு வெளியில் இருந்து வரும் மாணவர்களுக்கு ஆண்டுதோறும் 60 புலமைப்பரிசில் கொடுக்கிறது. ஒரு வருடக் கட்டணம் இல்லை, கைச்செலவுக்கு 10,000 யூரோ. முதலில் இங்கே பட்டம் எடு, பிறகு அதற்கு எழுதலாம் என்று சொல்லி விபரத்தை அச்செடுத்துக் கொடுத்தேன். மடித்துக் கொப்பிக்குள் வைத்துக்கொண்டு போனாள்.

வெளிநாட்டில் ஊர்ச் சங்கம் நடத்துகிறவர்கள் இதை வாசித்தால் ஒன்று கேட்கிறேன். பற்றுச்சீட்டுக் கேளுங்கள், விலை கேளுங்கள், ஏன் இவ்வளவு முடிந்தது என்று இரண்டு தரம் கேளுங்கள். நாங்கள் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்கள். குடிக்கிற பிள்ளையின் முகத்தை மட்டும் கேட்காதீர்கள்.

எங்கள் பதிலைப் பார்த்துக் கனடாவில் கோபப்படுவார்கள் என்று பயந்துகொண்டுதான் இருந்தேன். நாலு நாளில் பொருளாளர் ஐயாவிடம் இருந்து குரல்பதிவு வந்தது. அவருக்கு எழுபது வயதிருக்கும். "தங்கச்சி, கணக்குக் கிடைச்சது. நானும் தொண்ணூறுகளிலை நிவாரண வரிசையிலை நிண்டவன்தான். படத்தை விடுங்கோ. தேங்காய் உந்த விலையே விக்குது? அடுத்த மாசம் கூட்டி அனுப்புறம், பாலைக் குறைச்சுப்போடாதேங்கோ."