ஐந்து சனிக்கிழமை முட்டாள்

யாழ்ப்பாணத்தில் மேசனுக்குக் கைக்குதவியாக நிற்பவருக்கு முட்டாள் என்று பெயர். முட்டு ஆள் என்பதுதான் அப்படி ஆனது என்பார்கள். 12 வருசமாக எங்கள் கந்தோரில் 'மேசன் 2, முட்டாள் 3' என்று நாட்கூலிப் பட்டியல் எழுதி வருகிறேன். போன ஐப்பசியில் நானே முட்டாளானேன். கணக்கு, கொள்முதல், தட்டச்சு என்று கதிரையில் இருந்தபடியே கட்டடம் கட்டுகிற நாங்கள் எல்லோரும் ஐந்து சனிக்கிழமை சாந்தகப்பை பிடிக்கவேண்டும் என்பது முதலாளியின் உத்தரவு. கோண்டாவிலில் எங்கள் சாமான் வளவுக்குள் ஆளுக்கு ஆறடிச் சுவர்.

முதல் நாள் கல்லைத் தொடவே விடவில்லை. மண் அரித்தோம், குழைத்தோம். 1 பங்கு சீமெந்துக்கு 5 பங்கு மண். நான் தண்ணீரைத் தாராளமாக விட, மேசன் ஐயா வாளியைப் பறித்துவிட்டார். "தம்பி, கஞ்சியே காய்ச்சிறியள்?"

அடுத்த கிழமை கல். நூல் கட்டி, தூக்குக்குண்டு பிடித்து, நாலு வரி ஏற்ற எனக்கு அரைநாள் போனது. தட்டச்சு அக்காவின் சுவர்தான் எல்லாவற்றிலும் நேர். என்னுடையதற்குத் தொந்தி வைத்திருந்தது.

மூன்றாம் சனி மழை. ஒதுங்கி நின்ற நேரம், "மாரியில மட்டும் ஏன் ஐயா மண் கெதியா முடியுது?" என்றேன். கேள்வியில் கொஞ்சம் குத்தலும் இருந்தது. அவர் பதில் சொல்லாமல் ஒரு வாளியில் ஈரமண்ணைக் கழுத்துவரை போட்டு, நிரம்பத் தண்ணீர் ஊற்றினார். மண் மூன்று விரல் இறங்கியது.

"ஈரமண் பெருத்து நிக்கும் தம்பி. நீங்கள் காத்துக்கும் சேர்த்துக் காசு குடுக்கிறியள்."

லேசான ஈரம் மணிகளைச் சுற்றிப் படலமாகி அவற்றை விலக்கி வைக்கிறது. நாலைந்து வீத ஈரத்திலேயே மண் கால் பங்கு பெருக்கலாம். பொடிமண் இன்னும் கூட. முழுக்க நனைந்தால் பழையபடி அமர்ந்துவிடும். நாங்களோ மண்ணை நிறுத்து வாங்குவதில்லை, கியூப்பில் வாங்குகிறோம்; 100 கனஅடி ஒரு கியூப். ரிப்பர் லொறியில் 100 கனஅடியாக வந்து இறங்குவது உண்மையில் 80தான். அதோடு முடியவில்லை. பெட்டியால் 5 அளந்து போட்டாலும் உள்ளே இருப்பது 4 பெட்டி மண். ஆகவே அதே சுவருக்குச் சீமெந்தும் கூடப் போகும். இது பொறியியல் படித்தவர்களுக்குத் தெரிந்த சங்கதியாம். கணக்குப் பிரிவுக்கு ஒருவரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்டதில்லை.

திங்கட்கிழமை பழைய கோப்பொன்றை எடுத்தேன். இரண்டு வருசத்துக்கு முந்திய கார்த்திகை. ஒரு வேலைத்தளத்தில் மண்ணும் சீமெந்தும் மதிப்பீட்டைத் தாண்டியதற்கு விளக்கம் கேட்டு மேற்பார்வையாளருக்கு நான் எழுதிய கடிதம் இருந்தது. அவர் இப்போது எங்களிடம் இல்லை. 'மழை காரணம்' என்று ஒரே வரியில் பதில் எழுதியிருந்தார். அதன் கீழே, சிவப்புப் பேனையால், என் கையெழுத்தில்: 'ஏற்கமுடியாது.'