சுவரை ஒட்டி நடந்த நாட்கள்

ஜூன் 9, திங்கள்
இடது உட்காதின் நரம்பில் அழற்சி என்று டாக்டர் சொல்லி மூன்று வாரம் ஆகிறது. அறை சுழல்வது நின்றுவிட்டது. ஆனால் சட்டென்று திரும்பினால் சுவர் கொஞ்சம் பிந்தித்தான் வந்து சேர்கிறது.

இன்று பிசியோதெரபி தொடங்கியது. பாதங்களைச் சேர்த்து, கைகளை மார்பில் கட்டிக்கொண்டு நிற்கச் சொன்னார் பிசியோதெரபிஸ்ட். நின்றேன். கண்ணை மூடச் சொன்னார். சில நொடிகளில் இடப்பக்கம் சாய்ந்தேன், நல்லவேளை, பிடித்துக்கொண்டார். 19-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ரோம்பர்க் என்ற ஜெர்மானிய மருத்துவர் பெயரால் வழங்கும் பரிசோதனையாம். கண், உட்காது, பாதமும் மூட்டுகளும் என்று மூன்று இடத்திலிருந்து வரும் சேதியை வைத்துத்தான் மூளை நம்மை நிறுத்துகிறது. இத்தனை நாளும் நான் கண்ணை மட்டுமே நம்பி நின்றிருக்கிறேன்.

ஜூன் 11
கையை நீட்டி, கட்டைவிரல் நகத்திலிருந்து பார்வையை எடுக்காமல் தலையை இடம் வலமாக ஆட்ட வேண்டும். அரை நிமிடத்தில் நகம் மங்கியது, குமட்டியது. நிறுத்திவிட்டுப் பிசியோவுக்குப் போன் செய்தேன். அந்த மங்கல் வரட்டும் என்றார். தலை ஒரு பக்கம் திரும்பினால் கண் அதே அளவு எதிர்ப்பக்கம் போக வேண்டும்; அதற்கான கணக்கைத் தருவது காது. ஒரு காது பலவீனமானதும் கணக்கு தப்புகிறது. பார்ப்பது வழுக்கினால்தான் மூளை தப்பைக் கண்டு திருத்தும். நானோ மூன்று வாரமும் தலையை அசைக்காமல் பத்திரமாக உட்கார்ந்திருந்தேன்! தலைசுற்றல் மாத்திரையும் ஆரம்ப நாட்களுக்கு மட்டுமாம். நீட்டினால் மூளை பழகுவது தள்ளிப்போகும். இதை முதல் வாரமே யாராவது சொல்லியிருக்கலாம்.

ஜூன் 15
தூக்கமில்லை. எல்லாமே மோசம்.

ஜூன் 20
ஒரு காலின் விரல்நுனியை மறுகாலின் குதிகால் தொடும்படி அடி வைத்து, சுவரை ஒட்டி நடக்கும் பயிற்சி. பார்த்துக்கொண்டிருந்த அம்மா, "இது அடிப்பிரதட்சிணம்தானேடா!" என்றாள். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு கூடத்தின் கோடிவரை நடந்தும் காட்டினாள். 71 வயது. ஒரு தடுமாற்றம் இல்லை. அப்புறம் தினமும் சாயங்காலம் இரண்டு பேரும் சேர்ந்தே நடப்பது என்று முடிவு.

ஜூலை 4
தலையணைமேல் ஏறி, கண்ணை மூடி 22 நொடி நின்றேன். பக்கத்தில் அம்மா கையை நீட்டியபடியே இருந்தாள், பிடிக்கத் தேவைப்படவில்லை. மெத்தென்ற தரையில் பாதத்தின் சேதியும் குழம்பும். கண்ணும் மூடியிருக்க, காதுதான் வேலை செய்தாக வேண்டும். என் காது செய்கிறது!

நாளை முதல் கட்டைவிரலுக்குப் பின்னால் கொடியில் அம்மாவின் கட்டம்போட்ட சேலை தொங்கும். பின்னணி கட்டம் கட்டமாக இருந்தால் பயிற்சி இன்னும் கடினம்.