தேர்வுக்குழுவில் நான்கு மாதம்

விழாவுக்குப் படம் அனுப்பிவிட்டுப் பதிலுக்குக் காத்திருப்பவர்கள் என்னிடம் கேட்பது ஒரே கேள்விதான்: நிஜமாகவே முழுசாகப் பார்க்கிறீர்களா? போன வருடம் கோவைப் பக்கம் ஒரு சின்னத் திரைப்படச் சங்கம் நடத்திய நான்கு நாள் விழாவில் தேர்வுக்குழுவில் இருந்தேன், அந்த அனுபவத்தில் சொல்கிறேன். முழுசாகத்தான் பார்த்தோம். ஆனால் பார்த்த விதத்தில் நான் ஒரு தப்பு செய்தேன்.

படங்கள் பெரும்பாலும் ஃபிலிம்ஃப்ரீவே என்ற, விழாக்களுக்குப் படம் அனுப்பும் இணையதளம் வழியாகக் கடவுச்சொல் போட்ட லிங்க்காக வரும். ஒவ்வொரு படத்தையும் இரண்டு பேர் தனித்தனியாகப் பார்த்து, பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் போட்டு, நாலு வரி காரணமும் எழுத வேண்டும். ஒரு அசாமியப் படம் எனக்கு வந்தது, இயக்குநருக்கு முதல் படம். முதல் இருபது நிமிடம் இருட்டில் ஒரு படகு, பேச்சே கிடையாது. அன்றைக்கு அது எனக்கு மூன்றாவது படம், இரவு பதினொன்றரை மணி, லேப்டாப் ஸ்பீக்கரில் ஓடிக்கொண்டிருந்தது. ஐந்து போட்டேன். அதே படத்துக்கு எங்கள் குழுவில் இருந்த ஓய்வுபெற்ற தமிழாசிரியை (எல்லாருக்கும் அவர் டீச்சர்தான்) ஒன்பது போட்டிருந்தார்.

சராசரி பார்த்தால் ஏழு. அப்படி ஏழில் நின்ற படங்கள் நிறைய இருந்தன, பாதிக்கு மேல் வெளியே போகவேண்டியவை. ஆனால் சங்கத்தில் ஒரு வழக்கம் வைத்திருக்கிறார்கள், இது எல்லா விழாக்களிலும் இருக்கவேண்டும் என்று நினைக்கிறேன்: இரண்டு மதிப்பெண்ணுக்கும் நடுவில் மூன்றுக்கு மேல் வித்தியாசம் வந்தால் அந்தப் படத்தை அரங்கில் எல்லாரும் சேர்ந்து மறுபடி பார்க்கவேண்டும். பார்த்தோம். அந்த இருபது நிமிடமும் சத்தத்தால் ஆன படம். துடுப்பு தண்ணீரில் இறங்குவது, கரையில் யாரோ இருமுவது, தூரத்தில் இன்னொரு படகு நெருங்குவது, எல்லாம் காதுக்குத்தான். என் லேப்டாப்பில் அதில் ஒன்றுகூடக் கேட்டிருக்கவில்லை. விளக்கு போட்டதும் டீச்சர் என் பக்கம் திரும்பி, "இப்ப கேட்டுச்சா தம்பி?" என்றார், அவ்வளவுதான். மதிப்பெண்ணை மாற்றி எழுதினேன். அதற்கு முன்னால் நான் குறைத்துப் போட்டிருந்த ஆறு படங்களையும் ஹெட்ஃபோனில் மறுபடி பார்த்தேன்; ஒன்று உள்ளே வந்தது.

அப்புறம், படம் நன்றாக இருந்தும் வெளியே போவது எப்படி என்று கேட்பவர்களுக்கு. எங்களுக்கு ஒரே அரங்கு, ஒரு நாளைக்கு ஐந்து காட்சி, மொத்தம் 20 இடம். அப்பா இறந்து மகன் ஊருக்குத் திரும்பும் கதையில் மட்டும் மூன்று நல்ல படங்கள் வந்திருந்தன, ஒன்றைத்தான் எடுக்க முடிந்தது. மற்ற இரண்டு இயக்குநர்களுக்கும் கடிதத்தில் இதையே எழுதினோம், ஏனென்றால் படத்தில் குறை என்று அவர்கள் நினைத்துவிடக் கூடாது.

வெளிநாட்டுப் படங்கள் வேறு கதை. ஒரு காலத்தில் பிரான்சில் நடக்கும் புகழ்பெற்ற கான் விழாவுக்கே படங்களை அந்தந்த நாடுகள்தான் தேர்ந்தெடுத்து அனுப்பின, 1972-இல்தான் விழாக்குழு தானே தேர்ந்தெடுக்கத் தொடங்கியது. இன்றைக்கு நம்மைப் போன்றவர்கள் படத்தின் உரிமையை விற்கும் சேல்ஸ் ஏஜென்ட்டிடம் போகவேண்டும், ஒரு காட்சிக்குச் சில நூறு யூரோ கேட்பார்கள். ஒரு படத்துக்குப் பணம் கட்டத் தயாராக இருந்தும் கிடைக்கவில்லை, பெரிய விழா ஒன்றில் முதல் காட்சி போடக் காத்திருந்தார்கள். அப்படியே ஒரு படம் கிடைத்தாலும், தணிக்கைச் சான்று இல்லாத படம் என்றால் தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்திடம் விலக்கு வாங்கி, விழாவுக்குப் பதிவு செய்த பிரதிநிதிகளுக்கு மட்டும்தான் காட்டலாம். அதற்கான கதைச் சுருக்கங்களை எழுதியே எனக்கு ஒரு வாரம் போயிற்று.

விருந்தினர் விஷயத்தில்தான் பெரிய விவாதம். 2013-இல் திருவனந்தபுரம் திரைப்பட விழாவுக்குக் கொரிய இயக்குநர் கிம் கி டுக் வந்தபோது கூடிய கூட்டத்தைப் பார்த்த நண்பர் ஒருவர், பெரிய பெயர் இல்லாமல் ஊர் திரும்பிப் பார்க்காது என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது, எங்கள் அரங்கு பாதி காலியாகக் கிடந்த வருடங்கள் உண்டு. "விளக்கேத்திட்டு அடுத்த ஃப்ளைட்ல போறவங்க நமக்கு எதுக்கு?" என்று கேட்டார் டீச்சர். அமெரிக்காவில் டெல்யுரைடு விழாவில் வருடந்தோறும் ஒரு விருந்தினரிடம் சில படங்களைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பைக் கொடுக்கிறார்கள். எழுத்தாளர்கள் சல்மான் ருஷ்டி, மைக்கேல் ஒண்டாச்சி, பாடகர் கயெட்டானோ வெலோசோ எல்லாம் அங்கே அப்படிப் போனவர்கள்தான். நாங்களும் 20-இல் 3 இடத்தை ஒதுக்கி, முப்பது வருடம் சினிமாவில் ஒலிப்பதிவு செய்த ஒருவரைக் கேட்டோம். நான்கு நாளும் இருப்பதாக ஒப்புக்கொண்டார்.

அவர் கொடுத்த பட்டியலில் முதலில் நின்றது ஒரு பழைய தமிழ்ப் படம். புனேயில் உள்ள தேசியத் திரைப்பட ஆவணக்காப்பகத்தில் அதன் ஃபிலிம் பிரிண்ட் இருந்தது. ஆனால் பிரிண்ட் இருப்பதும் திரையிடும் உரிமையும் ஒன்றல்ல, போதாததற்கு ஃபிலிம் ஓட்டும் 35 எம்.எம். புரொஜெக்டரை எங்கள் அரங்கிலிருந்து அகற்றி வருடங்களாகிவிட்டன. மூன்று வாரம் அலைந்து தயாரிப்பாளரின் பேரனைச் சென்னையில் பிடித்தோம். டிவிக்காக எடுத்த டிஜிட்டல் பிரதி அவரிடம் இருந்தது. பணம் எதுவும் வேண்டாம், பாட்டிக்கும் தனக்கும் இரண்டு இருக்கை போதும் என்றார்.

மூன்றாம் நாள் மாலை அசாமியப் படம். இயக்குநர் ரயிலில் வந்திருந்தார். படம் முடிந்ததும் முதல் கை ஒலிப்பதிவாளருடையது: "படகுல மைக்கை எங்க வெச்சீங்க?" இயக்குநர் மேடையிலிருந்து இறங்கி, அவர் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, கையால் படகு மாதிரி வளைத்துக் காட்டி விளக்க ஆரம்பித்தார். அடுத்த காட்சியை இருபது நிமிடம் தள்ளிப் போட்டோம்.