வில்லங்கச் சான்றில் வராத வில்லங்கம்

மூலப்பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா, புல வரைபடம் ஆகிய நான்கும் ஒன்றோடொன்று பொருந்திவிட்டால் 'மனை சுத்தம்' என்று அறிக்கை எழுதிக் கொடுப்பதே ஓசூரில் நில மதிப்பீட்டாளராகப் பல ஆண்டுகள் என் வழக்கமாக இருந்தது. அந்தச் சொல்லை எவ்வளவு அலட்சியமாகப் பயன்படுத்தியிருக்கிறேன் என்பதை, மூடிக்கிடந்த ஒரு முலாம் பூசும் பட்டறையின் இடத்தில்தான் உணர்ந்தேன்.

தர்மபுரியைச் சேர்ந்த மொத்த வியாபாரி ஒருவர், அங்கே வணிக வளாகம் கட்ட எண்ணி முன்பணமும் கொடுத்திருந்தார். விலை அக்கம்பக்கத்தைவிடக் குறைவாக இருந்ததே என்னை உறுத்தியிருக்க வேண்டும், உறுத்தவில்லை. முகம் கழுவ ஆழ்துளைக் கிணற்றுக் குழாயைத் திறந்தபோது காவலாளி ஓடி வந்து, "வேணாம் சார், அந்தத் தண்ணிய மாடுகூடக் குடிக்காது" என்றார். வாளியில் விழுந்த நீர் வெளிர்மஞ்சளாக இருந்தது.

குரோம் முலாம் பூசும் தொட்டிகளில் குரோமிக் அமிலம் பயன்படுகிறது. அதிலுள்ள ஆறு இணைதிறன் குரோமியம் என்ற நச்சு வடிவம் நீரில் எளிதில் கரைந்து, தரை வெடிப்புகள் வழியாகவும் பூச்சில்லாத கழிவுக் குழிகள் வழியாகவும் நிலத்தடி நீரை அடைந்துவிடும். குடிநீரில் மொத்தக் குரோமியம் லிட்டருக்கு 0.05 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது இந்தியத் தரம். கண்ணுக்கே மஞ்சள் தெரிகிறதென்றால் அந்த வரம்பை நீர் எப்போதோ தாண்டிவிட்டது என்று பொருள்.

தொட்டி இருந்த இடம், கழிவுக் குழி, மேட்டுப்பக்கத்து அயலாரின் கிணறு என மூன்று இடங்களில் மாதிரி எடுக்கச் சொன்னேன். அறிக்கை வந்ததும் வியாபாரி அஞ்சியது ஃபுளோரைடைக் கண்டுதான். அது பட்டறைப் பக்கம் இருந்த அதே அளவில் அயலாரின் கிணற்றிலும் இருந்தது; நம் பாறையிலேயே ஊறியிருப்பது, ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே அதற்காகத்தான் என்று விளக்கினேன். குரோமியமோ பட்டறைப் பக்கம் மட்டுமே இருந்தது.

தமக்குத் தெரிந்த, மறைந்திருக்கும் முக்கியக் குறையை விற்பவர் சொல்லியாக வேண்டும் என்கிறது 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டத்தின் 55ஆம் பிரிவு. மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்பதை, வேலூர் தோல் தொழிற்சாலைகள் தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996இலேயே நாட்டின் சட்டமாக ஏற்றது. ஆனால் இங்கே விற்பவர் இரண்டாம் கைக்காரர், தமக்கு எதுவும் தெரியாது என்றார். பட்டறை நடத்தியவர் இருக்குமிடம் யாருக்கும் தெரியவில்லை. மண்ணைத் தோண்டி, மாநிலத்தின் மறுகோடியிலுள்ள கும்மிடிப்பூண்டி அபாயகரக் கழிவுக் கிடங்குக்கு அனுப்பும் செலவைக் கணக்கிட்டபோது, மலிவாகத் தெரிந்த விலை மலிவாக இல்லை.

வியாபாரி முன்பணத்தில் ஒரு பகுதியை இழந்து விலகிக்கொண்டார். சில மாதங்களில் வேறொருவர் அதை வாங்கிக் கட்டடம் எழுப்பத் தொடங்கினார். ஆய்வறிக்கை பணம் கொடுத்தவருக்கே சொந்தம் என்பதால் நான் வாய் திறக்கவில்லை. தொழில் மரபுப்படி அது சரிதான். ஆனாலும் அந்த வழியாகப் போகும்போதெல்லாம், கட்டட வேலைக்கு எந்தக் குழாயிலிருந்து தண்ணீர் பிடிக்கிறார்கள் என்றே என் கண் தேடுகிறது.