ஸ்னைடரை எத்தனை விதமாக எழுதலாம்?

சென்னையில் நைட் ஷிஃப்ட் பார்த்த காலத்தில் 'புரோதோனோட்டரி' என்ற சொல் எங்கள் டீமில் யாருக்கும் வாயில் நுழையாது. புரோட்டா ஆபீஸ் என்றுதான் சொல்வோம். "புரோட்டா சைட் டவுன்." "புரோட்டாவுல ஒண்ணும் இல்ல, க்ளியர்." அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்தின் பெரும்பாலான கவுன்டிகளில், அதாவது நம் மாவட்டம் மாதிரியான பிரிவுகளில், சிவில் வழக்குப் பதிவேடுகளை வைத்திருக்கும் அதிகாரிக்குத்தான் அந்தப் பெயர். பம்பாய் உயர் நீதிமன்றத்திலும் அதே பெயரில் ஒரு பதவி உண்டு என்று பல வருடம் கழித்துத் தெரிந்தபோது, பாவம் அங்கே யார் என்ன சொல்லிக் கூப்பிடுகிறார்களோ என்று நினைத்துக்கொண்டேன்.

வேலை இதுதான். எங்கோ ஒருவர் வீட்டை விற்கிறார், அல்லது அடமானக் கடன் வாங்குகிறார். அவர் பெயரில் கோர்ட்டில் கடன் தீர்ப்பு இருக்கிறதா, வரிப் பாக்கி இருக்கிறதா, விவாகரத்து வழக்கு நடக்கிறதா, திவால் மனு போட்டிருக்கிறாரா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். நம் ஊரில் பதிவு அலுவலகத்தில் மனுப் போட்டால் வில்லங்கச் சான்று வந்துவிடும். அங்கே அந்தத் தேடலைப் பெரும்பாலும் தனியார்தான் செய்கிறார்கள். தேடியவர் கோட்டைவிட்டால் ஈடுகட்ட டைட்டில் இன்ஷூரன்ஸ் என்று ஒன்று இருக்கிறது. தேடுகிற அந்தத் தனியாரின் கடைசிக் கண்ணிதான் மாலை ஆறரைக்கு ஷிஃப்ட் ஏறும் நாங்கள்.

திவால் மனு தேடுவது சுலபம். அது மத்திய நீதிமன்றத்தின் வேலை, நாடு முழுவதற்கும் பேசர் என்று ஒரே தளம், பக்கத்துக்கு 10 சென்ட். பென்சில்வேனியாவின் கிரிமினல் வழக்கு விவரங்களும் மாநிலத்தின் பொதுத் தளத்தில் காசில்லாமல் கிடைக்கும். தகராறு சிவில் வழக்குகளில்தான். மாநிலத்தில் 67 கவுன்டிகள். சிவில் பதிவேட்டை ஒவ்வொன்றும் தன் இஷ்டப்படி வைத்திருக்கும். ஒன்றில் தளம் இருக்கும், சந்தா கேட்கும். இன்னொன்றில் பட்டியல் மட்டும் இருக்கும், ஆவணம் இருக்காது. மலைப்பக்கக் கவுன்டிகள் சிலவற்றுக்கு நேரில் போனால்தான் உண்டு. அந்த ஆர்டர்களை, நேரில் போய்ப் பதிவேட்டைத் தேடித் தரும் உள்ளூர் அப்ஸ்ட்ராக்டர் யாருக்காவது அனுப்பிவிட்டு, "இன்னும் வரலையா?" என்று மெயில் மேல் மெயில் போடுவோம். ஒரு பெயரைத் தேட மூன்று நாளா என்று எனக்கு அப்போது எரிச்சலாக இருக்கும்.

அப்புறம் கணவர் வேலைக்காகப் பென்சில்வேனியாவுக்கே வந்து, வேலை செய்யும் அனுமதி அட்டை கைக்கு வந்தபோது, எனக்குத் தெரிந்த ஒரே தொழில் இதுவாக இருந்தது. மெயில் போட்டுக்கொண்டிருந்தவள், மெயில் வாங்குகிறவள் ஆனேன்.

நான் முதலில் போன கவுன்டியின் பெயர் வேண்டாம். வீட்டிலிருந்து இரண்டு மணி நேரம், பாதி தூரத்துக்கு போனில் சிக்னல் கிடையாது. செங்கல் கட்டடம், வாசலில் உள்நாட்டுப் போர் வீரர் சிலை, உள்ளே ஒரு நீண்ட கவுன்டர். கதவில் வரிசையாக எழுதியிருந்தார்கள்: புரோதோனோட்டரி, கிரிமினல் கோர்ட் கிளார்க், பத்திரப் பதிவாளர், உயில் பதிவாளர், ஆர்ஃபன்ஸ் கோர்ட் கிளார்க். சென்னையில் இவை எங்களுக்குத் திரையில் ஐந்து தனித்தனி டேப்கள். இங்கே ஐந்துக்கும் தேர்தலில் நின்று ஜெயித்த ஒரே ஒருவர். ஆள் குறைந்த கவுன்டிகளில் அப்படித்தான். நான் போனபோது அவர் சாப்பிடப் போயிருந்தார்.

ஆர்ஃபன்ஸ் கோர்ட் என்றால் அநாதைக் குழந்தைகளுக்கான கோர்ட் என்று நினைத்துக்கொண்டு எங்கள் டீமில் ஒரு பையன் அந்தப் பகுதியைத் திறந்துகூடப் பார்க்க மாட்டான். "அக்கா, இவருக்கு அம்பது வயசு, இவர் எப்படி அநாதை?" என்பான். உண்மையில் இறந்தவர்களின் சொத்து, காப்பாளர் நியமனம் எல்லாம் அங்கேதான் வரும். பழைய லண்டன் நகரத்து வழக்கத்திலிருந்து வந்த பெயர்.

அன்று எனக்கு வேண்டியிருந்ததும் அதுதான். 1950-களில் இறந்துபோன ஒருவரின் நிலம் வாரிசுகளுக்கு எப்படிப் போனது என்று பார்க்க வேண்டும். கம்ப்யூட்டரில் பெயரை அடித்தேன். ஒன்றும் இல்லை. பழக்கதோஷம், நோட்டுப் புத்தகத்தில் 'இல்லை' என்று எழுதப் போனேன். கவுன்டருக்குப் பின்னால் இருந்த அம்மாள், அறுபது வயதிருக்கும், "ஹனி, அந்த மெஷினுக்குத் தொண்ணூறுகளுக்கு முன்னால் நடந்தது எதுவும் தெரியாது" என்றார். ஹனி என்பது அந்தப் பக்கத்தில் நம் 'கண்ணு' மாதிரி. எல்லோரையும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள்.

உள்ளறைக்குக் கூட்டிப் போனார். இரும்பு உருளைகள் பொருத்திய அலமாரியில் ஆளுயரத்துக்குப் புத்தகங்கள் படுத்திருந்தன. ஒன்றை இழுக்கவே இரண்டு கை வேண்டும். "தேடித் தர மாட்டேன், அது என் வேலை இல்லை. எப்படித் தேடுவது என்று காட்டுகிறேன்" என்று சொல்லிவிட்டு, முன்னட்டையைத் திறந்து ஒரு கட்டத்தைக் காட்டினார்.

ரஸல் இன்டெக்ஸ் என்று பெயர். பென்சில்வேனியாவின் பழைய பதிவேடுகளில் நிறையப் பார்க்கலாம். அகர வரிசை என்று நினைத்துப் போனால் தலை சுற்றும். குடும்பப் பெயரின் முதல் எழுத்துக்குரிய புத்தகத்தை எடுக்க வேண்டும். அந்த முதல் எழுத்தை விட்டுவிட்டு, மீதியில் எல், எம், என், ஆர், டீ (T) ஆகிய ஐந்து எழுத்துகளில் எது முதலில் வருகிறது என்று பார்க்க வேண்டும். அந்த எழுத்துக்கு ஒரு பத்தி. ஆளின் சொந்தப் பெயரின் முதலெழுத்துக்கு ஒரு வரிசை. பத்தியும் வரிசையும் சந்திக்கும் கட்டத்தில் ஓர் எண் இருக்கும். அந்த எண்ணுள்ள பகுதியைத் திருப்பினால் பெயர்கள். ஐந்தில் எதுவுமே இல்லாத பெயர்களுக்கு 'இதர' என்று தனிப் பத்தி. சும்மா நம் ஆட்களை வைத்துப் பழகிப் பார்த்தேன். முருகன் ஆரில் போவார், கண்ணன் என்னில் போவார். சுப்பையா எந்த ஸ்பெல்லிங்கிலும் ஐந்தில் ஒன்றுக்கும் சிக்காமல் 'இதர'வில் போய் உட்கார்ந்தார்.

எதற்கு இவ்வளவு சுற்று என்று கேட்டேன். அந்த அம்மாள் ஒரு துண்டுத் தாளில் மூன்று பெயர் எழுதினார். மூன்றும் ஸ்னைடர். ஒன்றில் நடுவில் ஒய், ஒன்றில் ஐ, ஒன்று ஜெர்மன்காரர்கள் எழுதுகிற மாதிரி எஸ்-சி-எச் என்று தொடங்கி நீளமாக. அந்த மாநிலத்தில் ஜெர்மானிய வம்சாவளி அதிகம். ஒரே குடும்பத்தில் அப்பா ஒரு மாதிரி, மகன் ஒரு மாதிரி எழுதுவார்கள். கிளார்க் காதில் விழுந்தபடி எழுதுவார். மூன்றிலும் அந்த ஐந்தில் முதலில் வரும் எழுத்து என். மூன்றும் ஒரே பக்கத்தில்.

எனக்கு முகம் சுட்டது. காரணம் இருக்கிறது.

சென்னையில் நான் சேர்ந்த இரண்டாவது வருடம், ஒய் போட்ட ஒரு ஸ்னைடருக்கு 'க்ளியர்' கொடுத்தேன். மூன்று வாரம் கழித்து, எங்கள் வேலையின் தரம் பார்க்கும் க்யூசி மேனேஜர் கூப்பிட்டார். குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்க வாங்கிய எண்ணெய்க்குப் பணம் கட்டாமல், அதே ஆள் மேல், அதே விலாசத்தில், தீர்ப்பு ஒன்று ஐ போட்ட ஸ்னைடர் பெயரில் பதிவாகியிருந்தது. பென்சில்வேனியாவில் அப்படிப்பட்ட தீர்ப்பு 5 வருடம் அந்தக் கவுன்டியில் உள்ள நிலத்தைப் பிடித்து நிற்கும், பிறகும் புதுப்பிக்கலாம். வீடு கைமாறிவிட்டது. "ஆர்டர்ல இருந்த பேரைத்தான சார் அடிச்சேன்" என்றேன். அவரும் திட்டவில்லை. அந்த வருட அப்ரைசலில் மட்டும் ஒரு படி இறங்கியது. நியாயமில்லை என்று நெடுநாள் மனதில் வைத்திருந்தேன். தளத்தில் நான் அடித்தது சரியான பெயர், தளம் சொன்னதும் சரியான பதில். ஆனால் கம்ப்யூட்டர் வருவதற்கு முன்பே யாரோ ஒருவர் இந்தத் தப்பை எதிர்பார்த்து ஐந்து எழுத்தில் அணை கட்டி வைத்திருக்கிறார். அந்தப் புத்தகத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்றும்போது பெயர்கள் ஏறின. அணை ஏறவில்லை.

அன்றைக்குத் தேடிப் போன ஆளும் கிடைத்தார், ஓர் எழுத்து கூடுதலாக. நகல் பக்கத்துக்கு 50 சென்ட், சில்லறையாகத்தான் வேண்டும் என்றார்கள். காரில் தேடி எடுத்து வந்தேன்.

அதிலிருந்து நான் அனுப்பும் ரிப்போர்ட் நீண்டுவிட்டது. எந்தப் புத்தகத்தில், எந்த வருடம் தொடங்கி எந்தத் தேதி வரை, பெயரை எந்தெந்த விதமாக எழுதித் தேடினேன் என்று எல்லாம் எழுதுவேன். 2018-க்குப் பிறகு கிளீன் ஸ்லேட் சட்டப்படி சில பழைய கிரிமினல் வழக்குகள் தானாகவே பொதுப் பார்வையிலிருந்து மறைக்கப்படுகின்றன. அங்கே ஒன்றும் தெரியவில்லை என்றால் அந்தத் தேதியில் பொதுமக்களுக்குக் காட்டப்படுவதில் தெரியவில்லை என்றுதான் எழுதுவேன். மறைத்ததைத் தோண்ட எனக்கு ஆசையும் இல்லை. ஒருவரின் விவாகரத்துக் கோப்பைக் கவுன்டரில் நின்று புரட்டுவதே இன்னும் எனக்குக் கூச்சமாகத்தான் இருக்கிறது.

போன மாதம் காலை பதினொரு மணிக்குக் கோர்ட் வாசலில், காருக்குள் உட்கார்ந்திருந்தபோது சென்னையிலிருந்து போன். அங்கே இரவு எட்டரை. குரல் கேட்டால் இருபத்து மூன்று வயதுக்கு மேல் இருக்காது.

"அக்கா, நீங்க அனுப்புனது ஒரு பக்கத்துக்கு இருக்கு. எங்க ஃபார்ம்ல ஒரே ஒரு கட்டம்தான். க்ளியரா, இல்லையா?"

"ஒரே கட்டத்துல அடங்காதுப்பா. கீழ ரிமார்க்ஸ்னு ஒண்ணு இருக்குமே, அதுல ஒட்டிடு."

"அத யாரும் படிக்க மாட்டாங்கக்கா."

"தெரியும். ஒட்டிடு."

பெருமூச்சு விட்டான். நானும் ஒரு காலத்தில் அதே மாதிரி விட்டிருக்கிறேன். பிறகு அடுத்த ஆர்டரை அனுப்பினான். அதே கவுன்டி, குடும்பப் பெயர் மையர். டாஷ்போர்டில் இருந்த பெட்ரோல் பங்க் ரசீதைத் திருப்பி வைத்து, மையரை எத்தனை விதமாக எழுதலாம் என்று ஒவ்வொன்றாக எழுதினேன். ஏழு வந்தது. காரைப் பூட்டிவிட்டு மறுபடியும் உள்ளே போனேன்.