நங்கநல்லூரில் நாயோடு டிபன்

ஞாயிற்றுக்கிழமை காலை வெளியே டிபன் சாப்பிடுவது எங்கள் வீட்டில் பதினைந்து வருடப் பழக்கம். சென்னை நங்கநல்லூரில் குடியிருந்துகொண்டு அதுகூட இல்லையென்றால் எப்படி? 32 அடி ஆஞ்சநேயர் நிற்கிற கோயிலைச் சுற்றி எந்தப் பக்கம் திரும்பினாலும் டிகாஷன் வாசனை வரும். அந்தப் பழக்கத்தில் மண்ணை அள்ளிப் போட்டவன் மணி.

மணி நாட்டு நாய். பதினெட்டு கிலோ. உடம்பெல்லாம் கறுப்பு, நெஞ்சில் மட்டும் திருநீறு பூசின மாதிரி ஒரு வெள்ளைப் பட்டை. ஒரு மழை நாளில் என் மகள் துப்பட்டாவில் சுற்றிக் கொண்டுவந்தாள். "நானே பாத்துக்கறேம்மா, நீ ஒண்ணும் செய்ய வேண்டாம்" என்றாள். அடுத்த வருடம் கோயம்புத்தூருக்குப் படிக்கப் போய்விட்டாள். அவள் வைத்த பெயர் கோகோ. என் அப்பா ஒரு நாள்கூட அப்படிக் கூப்பிட்டதில்லை. அவருக்கு உலகத்தில் எந்த நாயும் மணிதான். நாயும் அவர் கட்சியில் சேர்ந்துவிட்டது.

தனியாக விட்டுப் போனால் ஊளை. குரைப்பு என்றால்கூடச் சமாளிக்கலாம். இது தலையைத் தூக்கிக்கொண்டு, இழுத்து இழுத்து, சாவு வீட்டுச் சங்கு மாதிரி. தொடர்ந்து மூன்று ஞாயிறு பொறுத்துக்கொண்ட கீழ் வீட்டு மாமா, நான்காவது ஞாயிறு படியேறி வந்து, "எப்போ வருவேள்னு நாய் கேட்டுண்டே இருக்கு, நான் என்ன பதில் சொல்றது?" என்றார். அவரைத் தப்பு சொல்ல முடியாது. சரி, கூடவே கூட்டிக்கொண்டு போவோம் என்று முடிவு செய்தேன். நாயோடு உட்கார்ந்து இரண்டு இட்லி சாப்பிட ஓர் இடம் தேடுவது இத்தனை பெரிய வேலை என்று அப்போது தெரியாது.

முதலில் நாங்கள் வழக்கமாகப் போகும் மெஸ். பன்னிரண்டு வருட வாடிக்கை, முதலாளிக்கு என் மகளை ஃபிராக் போட்ட நாளிலிருந்து தெரியும். மணியைப் பார்த்ததும் அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும். "நீங்க உள்ள வாங்கோ, அது வாசல்லயே இருக்கட்டும்" என்றார். வாசலில் விளக்குக் கம்பத்தில் கட்டினேன். நான் உள்ளே போய்ப் பொங்கலில் கை வைப்பதற்குள் சங்கு ஆரம்பித்துவிட்டது. அந்த நேரம் பார்த்துக் கோயிலிலிருந்து வடைமாலைப் பிரசாதத்தோடு ஒரு குடும்பம் வர, சங்கு நின்று வேறு ஒரு சத்தம் கேட்டது. ஓடினேன். நல்லவேளை, வடைக்கு மட்டும்தான் சேதம்.

"பார்சல் வாங்கிண்டு போயிடுங்களேன்மா" என்றார் முதலாளி. அவர் மேல் எனக்குக் கோபமில்லை. அந்தக் கூடத்தில் மேஜைக்கும் மேஜைக்கும் நடுவே சர்வரே பக்கவாட்டில்தான் நடக்கிறார். அதில் ஒரு நாயை எங்கே வைப்பது?

அடுத்தது நடைபாதையில் உயர மேஜை போட்டு நின்றுகொண்டே சாப்பிடும் ஒரு கடை. திறந்தவெளி, யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள் என்று நினைத்தேன். கடைக்காரர் ஒன்றும் சொல்லவில்லைதான். பக்கத்து மேஜைச் சிறுவன் தட்டோடு பின்னால் நகர்ந்தவன் மணியின் வாலை மிதித்துவிட்டான். மணி வீலென்று கத்த, பையன் அதைவிடப் பெரிதாகக் கத்த, பொங்கல் தரையில். பையனின் அப்பா என்னைக் கேட்ட கேள்விகளை இங்கே எழுத முடியாது. 2024 மே மாதம் ஆயிரம் விளக்குப் பக்கம் ஒரு பூங்காவில் இரண்டு ராட்வீலர்கள் ஐந்து வயதுக் குழந்தையைக் கடித்துக் குதறின செய்தி வந்த பிறகு, சென்னையில் நாயோடு நடப்பவர்களைப் பார்க்கிற பார்வையே மாறிவிட்டது. என் நாய் அப்படியில்லை என்று எனக்குத் தெரியும். அந்த அப்பாவுக்கு எப்படித் தெரியும்?

மணியின் மாநகராட்சி லைசென்ஸ் எப்போதும் என் போனில் இருக்கிறது. நான் எடுத்தபோது கட்டணம் 50 ரூபாய்தான், ரேபீஸ் ஊசி போட்ட சான்று காட்டினால் கிடைத்தது. 2025-ல் மைக்ரோசிப்பையும் கட்டாயமாக்கி, லைசென்ஸ் இல்லையென்றால் 5,000 ரூபாய் அபராதம் என்று அறிவித்தார்கள். மணியின் கழுத்துத் தோலுக்கடியிலும் அரிசி அளவுக்கு ஒரு சிப் இருக்கிறது. அன்றைக்குப் போனை எடுத்து அந்த அப்பாவிடம் காட்டலாமா என்று ஒரு நொடி தோன்றியது. பொங்கல் கொட்டிக் கிடக்கும்போது லைசென்ஸ் காட்டுகிற அளவுக்கு எனக்கு மூளை மழுங்கவில்லை. புதுத் தட்டுக்குக் காசு கொடுத்துவிட்டு வந்தேன்.

மகள் போனில் சிரித்தாள். "ஈ.சி.ஆர். போங்கம்மா, அங்க நாய்க்கே தனி மெனு இருக்கு." போனோம், கிழக்குக் கடற்கரைச் சாலைக்கு. ரேடியல் சாலையில் துரைப்பாக்கம் வரை, ஓ.எம்.ஆரில் சோழிங்கநல்லூர் வரை, அங்கே இடது பக்கம் திரும்பி ஈ.சி.ஆர். வழியில் மணி இரண்டு முறை வாந்தி எடுத்தான், ஒரு முறை என் கணவரின் செருப்பில். கஃபே அழகாகத்தான் இருந்தது. புல்தரை, குடை, நாய்களுக்கென்று எவர்சில்வர் கிண்ணத்தில் தண்ணீர். நாய் மெனுவில் உப்பில்லாத கோழியும் சாதமும் 350 ரூபாய். அதே சாப்பாட்டை வீட்டில் தினமும் மூக்கைச் சுளித்துக்கொண்டுதான் சாப்பிடுவான். அன்றைக்கு ஒரு கோல்டன் ரெட்ரீவருக்குப் பிறந்தநாள். தலையில் கூம்புத் தொப்பி, கேக், போட்டோகிராபர்.

பணியாள் பையன் மிகவும் பணிவாக, "என்ன பிரீட் மேம்?" என்றான்.

"நங்கநல்லூர்" என்றேன்.

அவன் தலையாட்டிக்கொண்டு போய்விட்டான். ராஜபாளையம், சிப்பிப்பாறை, கோம்பை என்று நம் நாய் ஜாதிகள் பலவற்றுக்கும் ஊர்ப்பெயர்தானே, இதுவும் அதில் ஒன்று என்று நினைத்திருப்பான். மணி இரண்டு மணி நேரமும் என் நாற்காலிக்கு அடியில் காதை மடக்கிக்கொண்டு நடுங்கிக்கொண்டே இருந்தான். கஃபேயில் ஒரு குறையும் இல்லை. அவனுக்குத்தான் அந்த இடம் ஒட்டவில்லை. எனக்கும்தான்.

திரும்பும் வழியில் கணவர், "டிரைவ்-இன் இருந்திருந்தா இந்தப் பாடே இல்ல" என்றார். உட்லண்ட்ஸ் டிரைவ்-இன்னைச் சொல்கிறார். 1962-ல் ஆரம்பித்து 2008-ல் மூடினார்கள், இப்போது அந்த இடத்தில் செம்மொழிப் பூங்கா. காரை மர நிழலில் நிறுத்தினால் ஜன்னலில் தட்டை மாட்டிவிட்டுப் போவார்கள். அவருடைய பெரியப்பா ஃபியட் காரில் ஓர் அல்சேஷனைப் பின்சீட்டில் வைத்துக்கொண்டுதான் அங்கே போவாராம். அது உருளைக்கிழங்கு மசாலை நக்கினதை யாரும் கேட்டதில்லை. மெட்ராஸில் நாய்க்கு ஏற்ற ஹோட்டல் அந்த ஒன்றுதான் இருந்தது, அப்படி ஒரு பெயர் வைத்துக்கொள்ளாமலே.

இட்லி அக்காவை நான் தேடிக் கண்டுபிடிக்கவில்லை. ஒரு நாள் சாயங்காலம் மணியை நடத்திக்கொண்டு போனபோது, எங்கள் வீட்டிலிருந்து நான்கு தெரு தள்ளி, புங்கமரத்தடியில் ஒரு தள்ளுவண்டி. பக்கத்தில் காலி மனை. மனைச் சுவரை ஒட்டி ஒரு பெஞ்ச், நாலு பிளாஸ்டிக் ஸ்டூல். அக்கா குண்டானைத் திறந்தார். ஆவி முகத்தில் அடிக்க, தலையை லேசாகச் சாய்த்துக்கொண்டு துணியோடு தட்டைத் தூக்கிக் கவிழ்த்து, உள்ளங்கையால் ஒரு தட்டு தட்டி, துணியில் தண்ணீர் தெளித்து உரித்தார். ஒன்பது இட்லி, ஒன்றுகூட உடையவில்லை. நான் நின்றுவிட்டேன். மணி அதற்கு முன்பே உட்கார்ந்துவிட்டான்.

"நாய் இருக்குக்கா, பரவாயில்லையா?"

"எனக்கென்ன கண்ணு, நீ அதுங்களக் கேளு" என்று கரண்டியால் காட்டினார்.

மணற்குவியல் மேல் மூன்று பேர் எழுந்து நின்றார்கள். மூன்றுக்கும் காதில் சின்ன வெட்டு, அதாவது குடும்பக் கட்டுப்பாடு முடிந்தது. அந்த முனை அவர்களுடையது. அக்காவின் வண்டி அங்கே வருவதற்கு முன்பே இருந்தவர்களாம்.

இதுவரை யோசிக்காத விஷயம் எனக்கு அங்கேதான் உறைத்தது. நாயோடு போகும் இடத்தில் முதலாளியிடம் கேட்டால் போதும் என்று நினைத்திருந்தேன். அங்கே ஏற்கெனவே இருக்கிற நாய்கள், அப்புறம் சாப்பிட வருகிறவர்கள், இந்த இரண்டு தரப்பும் சம்மதிக்காமல் முதலாளி சம்மதித்து ஒரு பயனும் இல்லை.

முதல் வாரம் தெருவின் எதிர்ப்பக்கம் நின்றே சாப்பிட்டேன். மணி என் காலுக்குப் பின்னால். அவர்கள் குரைத்தார்கள், ஓய்ந்தார்கள். இரண்டாவது வாரம் மின்பெட்டி வரைக்கும் வந்தோம். முகத்துக்கு முகம் நிறுத்தாமல், அவர்களுக்குப் பக்கவாட்டில் நடத்திக்கொண்டே போய் வருவேன். மூன்றாவது வாரம் மூவரில் கிழவி, செம்பட்டைக்காரி, எழுந்து வந்து மணியின் பின்பக்கத்தை நிதானமாக முகர்ந்தாள். மணி கல்யாணப் பையன் மாதிரி அசையாமல் நின்றான். அவள் திரும்பிப் போய்ப் படுத்துவிட்டாள். மற்ற இரண்டும் அவளைப் பார்த்துவிட்டுப் படுத்தன. அன்றைக்குத்தான் முதல்முறையாகப் பெஞ்சில் உட்கார்ந்தேன்.

ஆட்கள் விஷயம் வேறு மாதிரி. எட்டு மணிக்கு மேல் கூட்டம் வரும், அதனால் ஆறே முக்காலுக்கே போய்விடுவேன். பெஞ்சின் சுவரோரக் கடைசியில் உட்கார்ந்து பெல்ட்டை ஒரு சுற்றாகக் கையில் சுற்றிக்கொள்வேன். அவனுக்கு வீட்டிலிருந்து ஒரு பழைய தட்டு, ஒரு பாட்டில் தண்ணீர். அக்காவின் தட்டில் அவன் வாய் பட்டதே இல்லை. இதை யாரும் சொல்லித்தரவில்லை, ஆனால் அது ஒன்றைப் பார்த்துத்தான் மற்றவர்கள் மூஞ்சி சுளிக்காமல் இருக்கிறார்கள் என்று நினைக்கிறேன். கத்திரி வெயில் நாட்களில் ஏழரைக்கு மேல்தான் கிளம்புவேன். புறங்கையைத் தார் ரோட்டில் ஏழு நொடி வைத்துப் பார்ப்பேன், எனக்குச் சுட்டால் அவன் பாதத்துக்கும் சுடும்.

ஒரு நாள் ஒருவர் வந்து நின்றார், மணியைப் பார்த்தார். "நாய் பக்கத்துல உக்காந்து எப்படிங்க சாப்பிடறது?" அக்கா வாயைத் திறப்பதற்குள் நான் எழுந்து மரத்துக்கு அந்தப் பக்கம் போய்விட்டேன். அவர் நாலு இட்லியை நின்றபடி சாப்பிட்டுவிட்டுப் போனார். நாய்ப் பிரியர்கள் பலர் இந்த மாதிரி நேரத்தில் சண்டை போடுவதைப் பார்த்திருக்கிறேன். எனக்கு அது பிடிப்பதில்லை. பசியோடு வந்தவர் அவர், நான் பொழுதுபோக்க வந்தவள்.

உண்மையான தலைவலி அன்பானவர்கள்தான். தினமும் வரும் ஒரு தாத்தா, மணிக்கு என்று பக்கத்துக் கடையிலிருந்து வெங்காய பஜ்ஜி வாங்கி வந்து, நான் பார்க்காதபோது போட்டுவிட்டார். நான் பாய்ந்து பாதியைத்தான் பிடுங்க முடிந்தது. நாய்க்கு வெங்காயமும் பூண்டும் ஆகாது, ரத்தத்தின் சிவப்பணுக்களைக் கெடுக்கும். அதனால் சாம்பாரும் கிடையாது. கேசரியில் இருக்கிற திராட்சை சிறுநீரகத்துக்கு எமன். "ஒரு பஜ்ஜியில என்னம்மா ஆயிடும்?" என்று தாத்தாவுக்கு மனத்தாங்கல். டாக்டருக்குப் போன் போட்டேன். அவன் எடைக்கு அந்தத் துண்டில் ஒன்றும் ஆகாது, பழக்கமாக்க வேண்டாம் என்றார். மறுநாள் நானே தாத்தா கையில் வெறும் இட்லித் துண்டைக் கொடுத்து, "நீங்களே குடுங்க" என்றேன். இப்போது மணி என்னை இழுத்துக்கொண்டு ஓடுவது தாத்தாவுக்காக.

பெயரால் வந்த குழப்பமும் உண்டு. பக்கத்து பரோட்டாக் கடை மாஸ்டரும் மணி. நான் "மணி, உக்காரு!" என்று அதட்டின முதல் நாள், அவர் மாவைப் போட்டுவிட்டு எட்டிப் பார்த்தார். இப்போது என்னைப் பார்த்தால், "சின்ன மணி சாப்பிட்டாச்சாக்கா?" என்பார்.

2025 ஆகஸ்டில் தெருவில் நாய்களுக்குச் சோறு வைக்கக் கூடாது, அதற்கென்று தனி இடம் ஒதுக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னதும் அக்கா கொஞ்சம் பயந்துவிட்டார். மிச்ச மாவில் ஊற்றின இட்லியை அந்த மூன்றுக்கும் போட்டுவந்தவர். இப்போது கடை கட்டின பிறகு, காலி மனைக்கு உள்ளே போய், சுவருக்குப் பின்னால் வைக்கிறார். "அது ரோடு இல்லல்ல?" என்று என்னைக் கேட்டார். நான் வக்கீலா? இல்லை என்று தலையாட்டினேன்.

சென்ற வியாழக்கிழமை அந்த மனையில் போர்டு நட்டுவிட்டார்கள். கீழே கார் நிறுத்த ஸ்டில்ட், மேலே நாலு மாடி. அடுத்த மாதம் ஜே.சி.பி. வருகிறதாம். நான் பதறினேன். அக்கா சட்டினியைக் கிளறிக்கொண்டே, "எதுக்குக் கவலைப்படற? ரெண்டு தெரு தள்ளி, தண்ணித் தொட்டி பக்கத்துல எடம் பாத்துட்டேன்" என்றார்.

அப்பாடா என்றேன்.

"ஆனா அங்க அஞ்சு பேர் இருக்காங்க கண்ணு. நாளைலருந்தே எதிர்ப்பக்கம் வந்து நில்லு."